கனவில் சோறு கேட்டவன்

சில்வினா அக்காவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் நாக்கைச் சொல்வார்கள், அப்புறம்தான் அவள் துணி வெளுப்பதைச் சொல்வார்கள். டிரெல் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும் பாய்மரப் படகுக்காரர்களின் விரிப்பும் துண்டும் சட்டையும் இருபது வருஷமாக அவள் கையில்தான் வெளுத்தன. ஒருமுறை ஒரு அமெரிக்காக்காரி, விரிப்பில் கறை போகவில்லை என்று முகத்தைச் சுளித்தாள். "இது என் சோப்புக்கு அடங்குற கறை இல்லம்மா, உன் புருஷனைக் கேளு" என்று அக்கா சொல்லிவிட்டாள். படகே சிரித்தது, அந்தப் புருஷனைத் தவிர. அந்த அம்மாள் அதற்கப்புறம் நாலு வருஷம் துணி போட்டாள்.

நான் அவளுடைய சித்தி மகன், காஸ்னல். எங்கள் ஊர் ஹார்வி வேலிலிருந்து ஹில்ஸ்பரோ படகுத்துறைக்கு மினிபஸ் ஓட்டுகிறேன். பத்து நிமிஷ ரோடு. அதற்குள் காரியக்கூ தீவில் நடந்ததும் நடக்காததும் என் காதுக்கு வந்துவிடும். இவனுக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளம்தான். அந்த வாயால் நான் செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இன்னொருத்தர் சொல்லிக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

அக்காவுக்கு ஒரே பிள்ளை, டெல்வின். தகப்பன் இங்கிலாந்துக்குப் போனான், போனவன் போனவன்தான். பையனை அவள் ஒருத்தியாக வளர்த்தாள். அவன் படகுகளுக்கு வார்னிஷ் அடிப்பான், பாய் தைப்பான், இருபத்து நாலு வயசிலும் அம்மா தட்டில் வைத்தால்தான் சாப்பிடுவான். அவனைத் தவிர அவள் சமையலறைப் படியில் உட்கார்ந்து சாப்பிட உரிமை இருந்தது ஒரே ஒரு ஆளுக்கு. அவன் யெஸ்பர், டென்மார்க்காரன். ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வந்தவன் மூன்று வருஷமாகத் தன் படகிலேயே குடியிருந்தான். தினமும் மத்தியானம் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துவிடுவான். அக்கா வைத்ததையெல்லாம் தின்பான், சங்குக் கறியைத் தவிர. அது செருப்பை மெல்லுகிற மாதிரி இருக்கிறதாம்.

"செருப்பு தின்னு பழக்கமோ?" என்பாள் அக்கா. டெல்வின் அவன் பங்குச் சங்கையும் சேர்த்துத் தின்பான்.

அமெரிக்காவில் வீட்டுக்கடன் எல்லாம் கவிழ்ந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னபோது எங்களுக்கு அது சினிமாச் செய்தி மாதிரிதான் இருந்தது. அவன் வீடு, அவன் கடன், நமக்கென்ன என்று இருந்தோம். அந்த ஜனவரியில் விரிகுடாவைப் பார்த்தால் எழுபது படகு நிற்க வேண்டிய இடத்தில் பதினொன்று நின்றது. குன்றின்மேல் கட்டிக்கொண்டிருந்த ஓட்டல் இரண்டாவது மாடியோடு நின்றுபோய், கம்பிகள் துருப்பிடித்தன. அமெரிக்காவில் புரூக்ளினில் இருந்த எங்கள் சனம் சாமான் பெட்டி அனுப்புவதை நிறுத்தியது, சிலர் பெட்டியோடு தாங்களே வந்து சேர்ந்தார்கள். நான் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்க் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தேன். அக்கா இருந்த நாலு விரிப்பையே இரண்டு தரம் துவைத்தாள், கை சும்மா இருக்க மாட்டேனென்கிறது என்று.

பிப்ரவரியில் யெஸ்பர் கிளம்பினான். ஊரில் வங்கிக்காரன் தொல்லை, மூன்று வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று படகுச் சாவியை அக்காவிடம் கொடுத்தான். மாலையில் படகில் விளக்குப் போட வேண்டும், உள்ளே தண்ணீர் ஏறினால் இறைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மூன்று வாரம் மூன்று மாதமானது. அவன் நம்பருக்குப் போட்டால் ஏதோ ஒரு பெண் டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். அக்கா தினமும் அஸ்தமனத்துக்கு முன்னால் சின்னப் படகில் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

மார்ச்சில் டெல்வின் கிளம்பினான். கடன் கட்டாத படகுகளை வங்கிகள் பிடித்து வடக்கே கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. அப்படி ஒரு படகைப் புளோரிடாவுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று பக்கத்துப் பெரிய தீவான கிரெனடாவில் ஒரு கேப்டன் தேடினான். முன்பின் தெரியாதவன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. டெல்வின் என்னிடம் வந்தான். "போடா, இங்க உக்காந்து ஈ ஓட்டறதுக்கு அங்க போய்ப் படகு ஓட்டு" என்றேன். நான்தான் அவனைத் துறைக்குக் கொண்டுபோய் விட்டேன்.

"மாமா, அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றான்.

"உங்கம்மாவை நான் பாக்கணுமா? அவ கண்ணுல நான் படாம இருந்தா போதும்டா" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினான்.

போகிற வழியில் மார்ட்டினிக் தீவிலிருந்து ஒருமுறை பேசினான். சாப்பாடு சரியில்லை, மற்றபடி சுகம் என்றான். அதற்கப்புறம் இல்லை. கேப்டன் போன் அணைந்தே கிடந்தது. கிரெனடாவில் கடலோரக் காவல்காரர்கள் எழுதிக்கொண்டு, தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். போன் தண்ணீரில் விழுந்திருக்கும், அமெரிக்காவில் இறங்கி ஓடியிருப்பான், எவளாவது பிடித்துக்கொண்டிருப்பாள். அக்கா இந்த ஓடிப்போன கதையைத்தான் பிடித்துக்கொண்டாள். "அப்பன் புத்தி. ஓடிட்டான், நல்லா இருக்கட்டும்" என்று எல்லாரிடமும் அவளே முந்திக்கொண்டு சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

ஜூனில் ஒருநாள் முதல் டிரிப்புக்கு அக்கா வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஹில்ஸ்பரோவில் எல்லாரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை.

"காஸ்னல், விடியக்காலைல ஒரு கனவு" என்றாள்.

நான் இன்ஜினை அணைத்தேன். எங்கள் தீவில் கனவு என்று இந்தக் குரலில் யாராவது சொன்னால் விளையாட்டு இல்லை. செத்தவர்கள் பசித்தால் கனவில் வந்து கேட்பார்கள். கேட்டால் சமைத்து, தட்டு வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உயிரோடு இருப்பவன் யாரும் கனவில் வந்து சோறு கேட்க மாட்டான்.

"சமையக்கட்டு வாசல்ல நின்னான். தலையிலேர்ந்து தண்ணி சொட்டுது. வெளிச்சம் அவனுக்குப் பின்னால, முகம் தெரியல. பசிக்குது, எனக்கு ஒண்ணும் வைக்கலயான்னு கேட்டான்."

"குரல்?"

"குரல்னு ஒண்ணும் இல்ல. கேட்டான், அவ்வளவுதான் தெரியும்."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். டெல்வினைத் துறையில் இறக்கிவிட்டவன் நான்.

"யெஸ்பர்தான்க்கா" என்றேன். "வேற யாரு? மூணு வாரம்னு போன ஆளு. கடன் கழுத்தை நெரிச்சிருக்கும். பாவம், அங்கேயே போய்ச் சேந்துட்டான்."

அவள் உடம்பு தளர்ந்தது எனக்குத் தெரிந்தது. "ஆமா. யெஸ்பர்தான்" என்றாள். அப்புறம் இறங்கிப் போய் உப்பும் மெழுகுவர்த்தியும் வாங்கினாள்.

எஸீக்கியேல் பெரியப்பா இல்லாமல் எங்கள் ஊரில் தட்டு வைக்க முடியாது. முரசு அவர் கையில் இருக்கிறது. ரம் கடை வாசலில் அவரைப் பிடித்துச் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"செத்தவன் சொந்தக்காரங்ககிட்டதானடா கேப்பான். வெள்ளக்காரனுக்கு இவ என்ன உறவு?"

"மூணு வருஷம் அவ கையால தின்னிருக்கான். அதைவிட என்ன உறவு வேணும் உங்களுக்கு? பத்திரம் எழுதிக் குடுக்கணுமா?"

"கோவப்படாத. பேரு உங்க பொறுப்பு. பேர் மாத்திக் கூப்பிட்டா சோறு போய்ச் சேராது, கேட்டவன் பசியோட திரும்பிப் போவான். அதுக்குத்தான் கேக்கறேன்."

"யெஸ்பர்தான்" என்றேன். கடையில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை. ரம் ஊற்றுகிற பெண்கூட ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். அத்தனை பேருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்திருந்தது. தடுத்திருந்தால் அவர்கள் வாயால் இன்னொரு பேரைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தட்டு வைத்தோம். பெண்கள் சோளக்களியும் துவரையும் ஆட்டுக்கறியும் சமைத்தார்கள். தட்டில் போடுவதை மட்டும் அக்கா தன் கையால் செய்தாள். உள்ளே மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் தட்டை வைக்கும்போது பார்த்தேன். களிக்குப் பக்கத்தில் சங்குக் கறி இருந்தது, நிறைய. நான் அவளைப் பார்த்தேன். அவள் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பெரியப்பா முரசு தட்டினார், வாசலில் ரம்மும் தண்ணீரும் தெளித்தோம். "பேரை நீயே கூப்பிடு, எனக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று அக்கா என்னைத் தள்ளினாள். நான் கடலைப் பார்த்து மூன்று தரம் யெஸ்பரைக் கூப்பிட்டேன். உள்ளே மெழுகுவர்த்தியை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு வந்தோம். காலையில் வழக்கம்போலத் தட்டைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அக்காவின் நாக்கு அடங்கிப்போனது. யாராவது வம்புக்கு இழுத்தால்கூட, "ஆமாம்பா" என்று நகர்ந்துவிடுவாள். சமையலறைக் கதவைச் சாத்துவதே இல்லை, மழை அடித்து உள்ளே தண்ணீர் தேங்கினாலும் திறந்தே கிடக்கும். புயல் காலம் வந்தபோது நானும் மீன்பிடிக்கிற நாலு பேரும் சேர்ந்து யெஸ்பர் படகை அலையாத்திக் காட்டுக்குள் இழுத்துக் கட்டினோம். அங்கேயும் போய் விளக்குப் போட்டாள். "ஆளே போயாச்சு, இன்னும் யாருக்குக்கா விளக்கு?" என்று கேட்டேன். "படகுக்கு" என்றாள்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் ஒருநாள் விடிகிற நேரம், அலையாத்தி வளைவில் ஒரு ஆள் கை காட்டாமல் நின்றுகொண்டிருந்தான். பழக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. தண்ணீரும் வேருந்தான். கதவை மூடவும் மனசு வரவில்லை, திறந்து வைக்கவும் பயம். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு ஓட்டினேன். முதல் டிரிப் நேரத்தைக் கால் மணி தள்ளி வைத்தேன். கேட்டவர்களிடம் டீசல் மிச்சம் என்றேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம். கிரெனடாவிலிருந்து கப்பல் வந்தது, நான் துறையில் ஆள் பிடிக்க நின்றேன். கடைசியாக ஒரு பையோடு இறங்கினவன் யெஸ்பர்.

பாதியாக இளைத்திருந்தான், தாடி நரைத்திருந்தது. ஆனால் அவனேதான். மூட்டை தூக்குகிறவன் ஒருத்தன் சத்தமாகச் சிரித்தான், செத்தவனுக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டான். மீன் விற்கிற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராகச் சிரிப்பு நின்றது. இவன் உயிரோடு இருக்கிறான் என்றால், கேட்டது யார்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன காஸ்னல், பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்று யெஸ்பர் வந்து கட்டிக்கொண்டான். "மன்னிச்சுக்க. வீடு போச்சு, அப்புறம் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி. இனிமே எனக்குப் படகுதான் வீடு. சில்வினா எப்படி இருக்கா?"

"இருக்கா."

"டெல்வினுக்கு வேலை இருக்கு, சொல்லிடு. படகு முழுக்க அவன்தான் பெயின்ட் அடிக்கணும்."

அந்தப் பத்து நிமிஷ ரோடு ஒரு நாள் ரோடாக இருக்கக் கூடாதா என்று தோன்றியது. அவன் பேசிக்கொண்டே வந்தான். இவ்வளவு நீள வாய் அன்றைக்கு எனக்கு எதற்கும் உதவவில்லை.

அக்கா சமையலறையில் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். படியில் நிழல் விழவும் நிமிர்ந்தாள். எழுந்து வந்து அவன் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள், நெற்றியில், கழுத்தில்.

"சூடா இருக்க" என்றாள்.

"வெயில்ல வந்தேன்" என்று சிரித்தான்.

"உக்காரு."

ஈரப்பலாவும் மீனும் போட்டுக் கொடுத்தாள். அவன் ஒரு வருஷப் பசியோடு தின்றான். அவள் எதிரே நின்று ஒவ்வொரு வாயையும் பார்த்தாள். தட்டு காலியாகும்போது இன்னொரு துண்டு மீனை வைத்தாள். வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீ செத்திருக்கலாம், யெஸ்பர்."

கோபமே இல்லை அதில். அவனை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்க இன்னும் பயங்கரமாக இருந்தது. யெஸ்பர் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு கனவைச் சொன்னேன், தட்டு வைத்ததைச் சொன்னேன், மார்ச்சில் போனவனைச் சொன்னேன். மூன்று வருஷம் இங்கே இருந்தவன், பாதியிலேயே புரிந்துகொண்டான். கையில் எடுத்த மீனைத் தட்டில் போட்டுவிட்டு எழப் போனான்.

"சாப்பிடு" என்றாள் அக்கா. "தட்டுல வச்சதை மிச்சம் விடாத. இந்த வீட்டுல ஒருத்தன் பட்டினி கிடந்தது போதும்."

அவன் அழுதுகொண்டே தின்றான். என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான்தான் பேரை மாத்திச் சொன்னேன். அவனைப் போன்னு சொன்னதும் நான். செருப்பால அடி என்னை."

"நீ சொன்ன. உன்னைச் சொல்ல வச்சது யாரு? அன்னிக்கு பஸ்ல உன் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், என் பிள்ளை பேரை மட்டும் சொல்லிடாத ஆண்டவனேன்னு." உரித்த துவரையை மறுபடி கையில் எடுத்தாள், எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துவிட்டாள். "கனவு நிக்கல, காஸ்னல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து நிக்கிறான். கேக்கறதைக்கூட விட்டுட்டான். சும்மா நின்னு அடுப்பைப் பாக்கறான். சங்கு வச்சேனே, எடுத்துக்கக் கூடாதான்னு நினைச்சேன். பேர் சொல்லாம வச்சா எப்படி எடுப்பான், இன்னொருத்தன் தட்டாச்சே. ஆறு மாசம். ஒரு வேளை நேரமானாலே சுருண்டு படுத்துக்கற பிள்ளை. ஆறு மாசம் என் பிள்ளையை வாசல்லயே நிக்க வச்சுட்டேன்."

"ஒருவேளை எங்கயாவது உசுரோட..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம்" என்றாள். "மறுபடியும் எனக்குச் சாக்கு குடுக்காத. போய்ப் பெரியப்பாவைக் கூட்டிட்டு வா."

வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை, மறுநாளே வைத்தோம். சங்கை யெஸ்பர்தான் முங்கி எடுத்து வந்தான், கல்லில் வைத்துத் தட்டி மென்மையாக்கியதும் அவனே. ஊர் முழுக்க வந்தது, ஒருத்தரும் வீட்டில் தங்கவில்லை. ரம் கடையில் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்த அத்தனை பேரும் முற்றத்தில் நின்றார்கள். மேசையில் துணி விரித்தாகிவிட்டது, தட்டில் ஆவி பறந்தது. பெரியப்பா முரசை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரம்மும் தண்ணீரும் தெளித்தாயிற்று. வெயில் தாழ்ந்து கடல் இன்னும் வெளிச்சமாக இருந்தது.

பேர் சொல்ல வேண்டிய நேரம். நான் முன்னால் வந்தேன், இதையாவது நான் செய்கிறேன் என்று. அக்கா என் தோளைப் பிடித்து ஓரமாக விட்டாள். வாசல்படியில் போய் நின்றாள். மூன்று தரம் வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. பேர் சொல்லிவிட்டால் அவன் செத்தவன் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, விளையாடப் போன பிள்ளையைத் தெருமுனை வரைக்கும் எட்டுகிற மாதிரிக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள்.

"டெல்வின். டேய் டெல்வின். சாப்பிட வாடா, ஆறிடப்போகுது."